வாசகர் கேள்வி பதில்: எழுதிக் கொடுப்பதா, வயலுக்குப் போவதா, ஊருக்குத் திரும்புவதா?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுடையவை. ஓய்வுக்குப் பிறகு எங்கே குடியிருப்பது, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஏழு கேள்விகளுக்குப் பதில் தருகிறோம்.

வயது 54, ஆசிரியை. கணவருக்கு 57. மூத்த மகளுக்குக் கல்யாணத்தோடு ஒரு வீடு எழுதினோம். இப்போது நாங்கள் இருக்கும் வீடு என் பெயரில், இளையவளுக்கென்று வைத்திருப்பது. அதையும் எழுதிவிட்டு, வரி, திருத்தவேலை என்ற கரைச்சல் இல்லாமல் அவளோடு இருந்துவிடலாம் என்கிறார் கணவர். செய்யலாமா? (களுவாஞ்சிகுடி)

எழுதலாம். ஆனால் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருந்து அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

வீடு மகளுக்கு, மருமகன் வந்து குடியேறுவார், பெற்றோர் கடைசி மகளோடு இருப்பார்கள். இது இலங்கையின் கிழக்கில் எங்கள் கரையோரத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம். வழக்கத்தில் கோளாறில்லை, உறுதி எழுதும் விதத்தில்தான் கோளாறு வருகிறது. “எங்கட பிள்ளை எங்களை வெளியால போடுமா?” என்று சொல்லி வெறும் நன்கொடை உறுதியில் கையொப்பம் வைத்துவிடுகிறார்கள். பிள்ளை போடாது. ஆனால் பிள்ளை வீட்டை ஈடுவைத்து எடுத்த கடன் தவறினால் வங்கி போடும். மகள் உங்களுக்கு முன் இறந்தால், அவர் மரணசாதனம் (உயில்) எழுதாத நிலையில், வீட்டின் பாதி மருமகனுக்கும் மீதி பேரப்பிள்ளைகளுக்கும் போகும். மருமகன் மறுமணம் செய்தால் உங்கள் அறை யாருடைய தயவில் இருக்கும் என்று இப்போதே யோசியுங்கள்.

உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போகும்போது நான்கு விடயங்களைக் கேட்டு எழுதுவியுங்கள். முதலாவது, சீவிய உரித்து உங்களுக்கு மட்டுமல்ல, கணவருக்கும் என்று இருக்கவேண்டும். இங்கே வீடு பெரும்பாலும் மனைவியின் பெயரிலேயே இருப்பதால், மனைவி தனக்கு மட்டும் உரித்தை ஒதுக்கிவிட்டு முந்திப்போனால், கணவர் தான் கட்டிய வீட்டிலேயே சட்டப்படி விருந்தாளி ஆகிவிடுகிறார். “இருவருக்கும், ஒருவர் இறந்தபின் மற்றவருக்கு அவரது சீவியகாலம் முழுவதும்” என்ற பொருள் உறுதியில் தெளிவாக வரவேண்டும். இரண்டாவது, மகள் நன்கொடையை ஏற்றுக்கொண்டதாக அதே உறுதியில் கையொப்பமிட வேண்டும். ஏற்பு இல்லாத நன்கொடை பின்னர் வழக்குக்கு இடம் கொடுக்கும். மூன்றாவது, உறுதியில் காணியை விவரிக்கும் அட்டவணையில் கிணறும் பாதையும் எல்லைக்குள் வருகின்றனவா என்று நில அளவை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான்காவது, உறுதி எழுதினால் மட்டும் போதாது, காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். இரண்டொரு மாதம் கழித்து நீங்களே போய்ப் பதிவேட்டில் பார்த்து, பிரதி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளில் மகள் வந்து, “வங்கி கேட்கிறது, சீவிய உரித்தை விட்டு ஒரு கையொப்பம் போடுங்கோ” என்பார். அந்தக் கையொப்பம் தேவைப்படுகிறது என்பதுதான் உங்களுக்குள்ள பாதுகாப்பு. தொகை, தவணை, திருப்பிக் கட்டும் வருமானம் மூன்றையும் பாராமல் போடாதீர்கள். ஒருமுறை கொடுத்த நன்கொடையை மனம் மாறியதும் திருப்பி எடுக்க முடியாது. கடும் நன்றிகேட்டைக் காட்டி நீக்க 2017ஆம் ஆண்டின் சட்டம் வழி வைத்திருந்தாலும் அதற்கு நீதிமன்றம் ஏறவேண்டும். எழுபது வயதில் பிள்ளைக்கு எதிராக வழக்குப் பேசுவது யாருக்கும் வேண்டாத வேலை.

இன்னொரு வழி மரணசாதனம். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் முன்னிலையில் எழுதலாம். பயன்பெறுபவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம் என்பது நன்மை. உங்களுக்குப் பின் பிள்ளைகள் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு நடத்தவேண்டி வரும் என்பது செலவும் தாமதமும்.

முஸ்லிம் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. உங்கள் வாரிசுரிமைக்கும் நன்கொடைக்கும் 1931ஆம் ஆண்டின் தனிக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஹிபா எனும் இஸ்லாமிய நன்கொடையையும் சீவிய உரித்தையும் எழுதும் முறை வேறுபடும் என்பதால் அதில் பழக்கமுள்ள நொத்தாரிசையே தேடுங்கள். அரச அனுமதிப்பத்திரக் காணி, அளிப்புக் காணி என்றால் யாராக இருந்தாலும் மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. அங்கே முக்கியமான வேலை பின்னுரித்தாளரை, அதாவது உங்களுக்குப் பின் காணி யாருக்கு என்பதை, நியமித்துப் பதிவதுதான். நியமிக்காமல் இறந்தால் காணி எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியாது, சட்டத்தின் வரிசைப்படி ஒருவருக்குப் போகும்.

உறுதி முடிந்ததும் ஒரு சிறு கட்டட வேலை செய்யுங்கள். வீட்டின் ஒரு பக்கத்தில் 350 முதல் 400 சதுர அடியில் ஓர் அறை, குளியலறை, சிறு குசினி. அதற்குத் தனி வாசல், முடிந்தால் தனி மின்மானி. ஒரே வளவு, இரண்டு அடுப்பு என்றிருந்தால் பல வீடுகளில் பேச்சுவார்த்தை முறியாமல் இருக்கும்.

அரச எழுதுவினைஞர், வயது 57. புளியந்தீவில் 12 பேர்ச்சில் பழைய வீடு. அதை விற்று ஆயித்தியமலைப் பக்கம் 2 ஏக்கர் வாங்கி, தென்னை வைத்து அமைதியாக இருக்க ஆசை. மனைவிக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. (மட்டக்களப்பு)

காணியை வாங்குங்கள். பட்டின வீட்டை விற்காதீர்கள். காசு இரண்டுக்கும் போதாவிட்டால் காணியை விடுங்கள்.

களப்புக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் அருமையை மறுக்கவில்லை. நல்ல தண்ணீர், மலிவான நிலம், காலையில் தயிர், மரக்கறி எல்லாம் அங்கேதான். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தின் நிலை மாறிவிட்டது. வவுணதீவுக்கு வலையிறவுப் பாலம் இருக்கிறது. ஆனால் பாலத்துக்கு அப்பால் உள்ள பாதையைத்தான் நீங்கள் பார்க்கவேண்டும். நொவம்பர் முதல் ஜனவரி வரை வாடை மழையில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் தாழ்ந்த இடங்களில் வீதியை வெள்ளம் மூடும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் வீதி இருந்தால்தான் வரும். மனைவிக்கு இரவு இரண்டு மணிக்குச் சீனி இறங்கினால் யார், எந்த வாகனத்தில், எந்தப் பாதையால் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். டிசம்பரில் அந்தப் பாதையால் இரவில் ஒருமுறை போய்ப் பாருங்கள். முற்பணம் கொடுப்பது அதற்குப் பிறகு.

இப்போது தென்னங்கணக்கு. 26 அடிக்கு 26 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 64 மரம், 2 ஏக்கருக்கு 128. உயர்ந்த இனம் காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டு. நீங்கள் 57இல் வைத்தால் காய் பறிப்பது 63, 64 வயதில். முதல் மூன்று ஆண்டு கச்சான் காலத்தில், அதாவது மே முதல் ஓகஸ்ட் வரை, தண்ணீர் ஊற்றாவிட்டால் கன்றுகள் பாதிக்கு மேல் தங்காது. அதற்குக் கிணறு, மோட்டார், குழாய், ஆள் எல்லாம் வேண்டும். காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைக்கும். அந்தத் துளையால் சிவப்புக் கூன்வண்டு உள்ளே போனால் மரம் போய்விடும். கிழமைக்கு ஒருமுறை குருத்தடியைப் பார்க்க ஆள் இல்லாத தோட்டம் தோட்டமல்ல. அதற்கு மேல் யானை. உன்னிச்சை, வெல்லாவெளிப் பக்கங்களில் இளம் தென்னையின் குருத்தை யானை ஓர் இரவில் வரிசையாகப் பிடுங்கிப் போடும். பக்கத்து வளவுக்காரரிடம் “போன வருசம் எத்தனை தரம் வந்தது?” என்று கேளுங்கள். விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை.

ஆசையை முற்றாக விடவேண்டும் என்பதில்லை. வீட்டை வைத்துக்கொண்டு, 2 ஏக்கருக்குப் பதிலாக வீதியோரமாக அரை ஏக்கர் எடுங்கள். ஒரு கொட்டில், ஒரு கிணறு, முப்பது தென்னை. காலையில் போய்ப் பின்னேரம் திரும்புங்கள். கிளினிக் நாள் தவறாது, மனைவிக்குத் தனிமையும் வராது. தோட்டத்துக்குப் போகும் ஆசை பெரும்பாலும் ஆணுடையது, அங்கே அடுப்பும் தனிமையும் பெண்ணுடையது என்பதை உங்கள் கடிதத்திலும் காண்கிறோம். மனைவியின் விருப்பம் என்ன என்று அதில் ஒரு வரி இல்லை.

தம்பிலுவிலில் பிறந்தவர். 30 ஆண்டாகக் கனடா, அந்நாட்டுப் பிரஜை. வயது 58. திருக்கோவில், பொத்துவில் பக்கம் கடலோரக் காணி வாங்கி வீடு கட்டித் திரும்பிவர எண்ணம். என்ன கவனிக்கவேண்டும்? (ரொறன்ரோ)

முதலில் உங்கள் பிரஜாவுரிமையைப் பாருங்கள். இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைக்காமல் வேறு நாட்டுப் பிரஜை ஆனவர் இங்கே சட்டப்படி வெளிநாட்டவர். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமை பெற்றவருக்கு அந்தத் தடை இல்லை. பெற்றோரின் காணி வாரிசு வழியில் வருவதற்கும் விலக்கு உண்டு. ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: இரட்டைப் பிரஜாவுரிமை, பிறகு காணி, பிறகு வீடு. “இப்ப மச்சானின் பெயரில் வாங்குவோம், பிறகு மாற்றுவோம்” என்பதுதான் அதிகம் நடப்பது, அதிகம் முறிவதும் அதுவே. காசு உங்களுடையது என்பதற்கு உறுதியில் ஒரு வரியும் இருக்காது.

காணியில் நான்கு சோதனை. உறுதிக்காணியா, பெமிற் காணியா (அரச அனுமதிப்பத்திரக் காணி)? பெமிற் என்றால் விலை எவ்வளவு மலிந்திருந்தாலும் கைவைக்காதீர்கள், நொத்தாரிசு எழுதும் “விற்பனை” உறுதி அங்கே செல்லாது. உறுதிக்காணி என்றால் பதிவேட்டில் குறைந்தது 30 ஆண்டு பின்னோக்கித் தேடுவியுங்கள். இடம்பெயர்வுகளில் உறுதி தொலைந்தவர்கள், ஒரே காணிக்கு இரண்டு உறுதி எழுதியவர்கள் எல்லாம் அதில் தெரியவருவார்கள். மூன்றாவது, பதிவுபெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளந்து, வனத் திணைக்களம் அல்லது தொல்பொருள் திணைக்களம் உரிமை கோரும் எல்லைக்குள் வருகிறதா என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள். நான்காவது, கரையோரம் பேணல் திணைக்களம். சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலத்தின் பக்கம் 300 மீட்டர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடம் என்றால் அவர்களின் அனுமதியும் வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின் 2005இல் கிழக்கில் 200 மீட்டர் தடைவலயம் அறிவித்துப் பின்னர் தளர்த்தினார்கள். விதி இறுகவும் தளரவும் கூடியது என்பதை நினைவில் வைத்து 300 மீட்டருக்கு வெளியே தேடுங்கள். கடல் அங்கிருந்தும் நடந்துபோகும் தூரம்தான்.

வெளியே போகச் சொல்வதற்குச் சட்டம் மட்டும் காரணமில்லை. 1978 நொவம்பர் 23 சூறாவளியும் 2004 டிசம்பர் 26 கடலும் இந்தக் கரையைத்தான் அடித்தன. அவை தினமும் வருவதில்லை, உப்புக்காற்று தினமும் வரும். நாகத்தகடு சில ஆண்டிலேயே ஆணித்துளையைச் சுற்றித் துருப்பிடிக்கும், குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் உக்கும். கொங்கிறீற்றில் உப்பு இறங்கினால் கம்பி துருப்பிடித்து ஊதி, சிலாப்பின் அடியிலிருந்து சீமெந்து தட்டுத்தட்டாகக் கழன்று விழும். அதைத் தடுக்க ஆற்று மணல் மட்டும் பாவியுங்கள். சவர்க்கிணற்று நீரில் கலவை போட விடாதீர்கள், பவுசரில் நன்னீர் இறக்குங்கள். கம்பிக்கு வெளியே ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் கொங்கிறீற் மூட வேண்டும். மேசனுக்கு முக்கால் அங்குலம்தான் பழக்கம். அந்த இடைவெளியைக் காக்கும் தடுப்புக்கட்டைகளை நீங்களே வார்ப்பித்துக் கொடுங்கள்.

ஊர் வருபவர்கள் பெரும்பாலும் ஜூலை, ஓகஸ்டில் திருவிழாவை ஒட்டி வருகிறார்கள். வெயில், வெளிச்சம், வற்றிய களப்பு, எல்லாம் அழகாகத் தெரியும். டிசம்பரைக் கண்டதில்லை. காணி பேசும் முன் அக்கரைப்பற்றிலோ திருக்கோவிலிலோ ஒரு வீட்டை ஓராண்டு வாடகைக்கு எடுத்து, மாரியையும் கச்சானையும் அதிலேயே கழியுங்கள். உங்கள் மருந்துகள் இங்கே என்ன பெயரில் கிடைக்கின்றன, திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை வைத்தியசாலைகளில் உங்களுக்குத் தேவையான கிளினிக் எங்கே இருக்கிறது என்பதும் அந்த ஆண்டில் தெரிந்துவிடும். மட்டக்களப்புக்குத் தெற்கே ரயில் இல்லை. கொழும்பு விமான நிலையத்துக்குப் போக ஒவ்வொரு முறையும் இரவுப் பஸ் அல்லது வாகனம்தான். முழங்கால் நோவு உள்ளவர் அந்தப் பயணத்தையும் ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

வாங்கியபின் திரும்பி வரும்வரை காணியில் யாரையாவது இருத்துவீர்கள். எழுத்தில்லாமல் இருத்தாதீர்கள். உரிமையாளருக்கு எதிராகத் தடையின்றி 10 ஆண்டு ஆண்டால் ஆட்சியுரிமை கோர இந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. “உரிமையாளரின் அனுமதியோடு இருக்கிறேன்” என்ற ஒப்பந்தம், ஆண்டுதோறும் புதுப்பித்த கையொப்பம், உங்கள் பெயரில் கட்டிய சபை வரிப் பற்றுச்சீட்டு மூன்றும் இருந்தால் நிம்மதி. சொந்தக்காரர் என்றால் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள்.

10 பேர்ச் வளவு. கிணற்றுத் தண்ணீரில் மணம் வருகிறது. ஓய்வுக்குப் பின் இதே வீட்டில்தான் இருக்கப்போகிறோம். கொதிக்கவைத்துக் குடித்தால் போதுமா? (கல்முனை)

போதாது. 10 பேர்ச் என்பது 2,722 சதுர அடி, சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 52 அடி. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 50 அடி, நல்லதென்றால் 60 அடி விடவேண்டும். உங்கள் வளவில் மூலைக்கு மூலை வைத்தாலும் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றடியில் இருக்கும். மணல் நிலம் வேகமாக உறிஞ்சும், வடிகட்டுவது குறைவு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு கூடும். தேசிய நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கிருமி, நைத்திரேற்று, குளோரைட்டு, இரும்பு நான்கையும் பார்க்கக் கொடுங்கள். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கவும் சமைக்கவும் குழாய்நீருக்கு மாறுங்கள், கிணறு குளிக்கவும் தோய்க்கவும் இருக்கட்டும். பேரப்பிள்ளைக்குப் பால்மா கரைப்பதாக இருந்தால் சோதனை முடிவு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், இன்றே நிறுத்துங்கள். மோட்டாரை அதிகநேரம் ஓடவிட்டால் அடியிலுள்ள உப்புநீர் மேலே ஏறும். கச்சான் காலத்தில் அரை மணி ஓட்டி, ஊறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள்.

வீட்டை விற்கவோ மாறவோ எண்ணமில்லை. தாய் தந்தையும் எங்களோடு. 70, 80 வயதிலும் பாவிக்கக்கூடியதாக வீட்டைத் திருத்த எங்கே தொடங்குவது? மாடி கட்டவும் யோசனை. (நிந்தவூர்)

மாடிக்கு வைத்திருக்கும் காசைக் குளியலறைக்குப் போடுங்கள். ஐம்பதைத் தாண்டி மாடி கட்டுபவர்கள் அறுபத்தைந்தில் அதற்கு ஏறுவதில்லை, வாடகைக்கு விட்டால் உங்கள் தலைக்கு மேல் அந்நியர் நடப்பார்கள்.

வயதானவர் விழுவது குளியலறையிலும், கட்டிலிலிருந்து அதற்குப் போகும் வழியிலும்தான். கதவு 36 அங்குலம், வெளிப்பக்கம் திறக்கவேண்டும். உள்ளே விழுந்தவர் உள்ளே திறக்கும் கதவுக்குக் குறுக்கே கிடந்தால் தள்ளித் திறக்க முடியாது. வாசல்படி வேண்டாம், அதிகபட்சம் அரை அங்குலம். தரைக்கு மினுங்காத, சொரசொரப்பான மாபிள். சாய்வு அடிக்குக் கால் அங்குலம். கொமோட் இருக்கை நிலத்திலிருந்து 17 முதல் 19 அங்குலம். குந்தும் மலசலகூடம் மட்டும் இருந்தால் முழங்கால் மடங்காத நாளுக்காகக் கொமோட்டும் ஒன்று வைத்துவிடுங்கள்.

பிடிகம்பி நிலத்திலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், சுவரிலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளி. கடைக்காரர் தரும் பிளாஸ்டிக் முளையில் மாபிளோடு பூட்டினால், ஆள் பாரம் வந்த அன்று மாபிளோடு கழன்று வரும். கல் சுவரைத் துளைத்து இரும்பு விரியாணியில் இறுக்க வேண்டும். பொள்ளல் கல் சுவர் என்றால் பூட்டும் இடத்தின் பொள்ளலைக் கொங்கிறீற்றால் நிரப்பிய பிறகு. கடலுக்கு அண்மையில் 304 ரகத் துருவேறா உருக்கும் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும், 316 கேளுங்கள்.

முன்வாசல் சாய்தளத்துக்கு ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது கணக்கு. வெள்ளத்துக்குப் பயந்து உங்கள் ஊரில் அத்திவாரத்தை 2 அடி உயர்த்துவார்கள், ஆகவே சாய்தளம் 24 அடி. வளவில் நேரே இடம் வராது. 12 அடியில் ஒரு 5 அடிச் சதுரத் தட்டு போட்டு மடித்து எடுங்கள், அல்லது வாசல் பக்கத்து முற்றத்தையே மண் போட்டு ஓர் அடி உயர்த்திச் சாய்தளத்தைப் பாதியாக்குங்கள். உயர்த்தினால் மழைநீர் பக்கத்து வளவுக்குள் போகாமல் வாய்க்கால் வெட்டுங்கள், இல்லாவிட்டால் சண்டை வரும்.

மின்சாரத்துக்கு 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்ச் கட்டாயம். ஏற்கெனவே இருந்தால் அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் மாற்றுங்கள். கட்டிலிலிருந்து கை எட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச், குளியலறை வரை இரவுவிளக்கு. முன்னறையில் உள்ள வழுக்கும் கால்துடைப்பான்களை இன்றே அகற்றலாம், அதற்குச் செலவில்லை.

தனியார் துறை, வயது 55 ஆகப்போகிறது. சேமலாப நிதியை எடுத்து மகனின் கடைக்குக் கொடுக்கவா, வங்கியில் போடவா? (அக்கரைப்பற்று)

ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 என்பது வேலையை விட்டவர் சேமலாப நிதியை எடுக்கத் தொடங்கும் வயது, எடுத்தாகவேண்டிய வயதல்ல. 2021ஆம் ஆண்டின் சட்டப்படி தனியார் துறையிலும் 60 வரை வேலைக்கு உரிமை இருக்கிறது. வேலை இருக்கும்வரை உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்துகொண்டிருக்கட்டும்.

மகனுக்குக் கொடுப்பதென்றால் திரும்பி வராவிட்டாலும் உங்கள் சோற்றில் கைவைக்காத தொகையை மட்டும் கொடுங்கள், நன்கொடையா கடனா என்று முதலிலேயே பேசுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் தெரியட்டும். மகனின் கடனுக்குப் பிணை நிற்கச் சொன்னால் அது காசு கொடுப்பதை விட ஆபத்து, தொகைக்கு எல்லை தெரியாது.

மீதியை ஒரே இடத்தில் போடாதீர்கள். வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரைதான். கணவன் மனைவி பெயர்களில், இரண்டு மூன்று உரிமம் பெற்ற வங்கிகளில், தவணை முடியும் மாதம் மாறிமாறி வரும்படி பிரியுங்கள். வட்டியில் பிடிக்கும் வரி 2025 ஏப்ரல் முதல் 10 வீதம். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் உள்ளவர் வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். பலர் அதைக் கொடுக்காமலே விடுகிறார்கள். வட்டி முழுவதையும் சாப்பிட்டுவிடவும் கூடாது. 2022 செப்டெம்பரில் விலைவாசி ஏற்றம் 70 வீதத்தைத் தொட்டபோது நிலையான வைப்பை மட்டும் நம்பியிருந்தவர்கள் பட்டதை அக்கரைப்பற்றில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். வட்டியில் மூன்றில் ஒரு பங்கை முதலோடு சேருங்கள். அடகில் நகை இருந்தால் வைப்புப் போடும் முன் அதை மீளுங்கள். அடகு வட்டி எப்போதும் வைப்பு வட்டியை விடக் கூட.

பிள்ளைகள் எல்லோரும் கொழும்பிலும் வெளிநாட்டிலும். வீடு நிறையச் சாமான். எதை வைப்பது, எதைக் கழிப்பது? (ஆரையம்பதி)

கழிப்பதற்கு முன் கடதாசிகளைப் பிரியுங்கள். உறுதி, நில அளவை வரைபடம், பிறப்பு, விவாகச் சான்றிதழ், ஓய்வூதியக் கோப்பு, மருத்துவ அட்டை. இவற்றின் பழைய பிரதிகளையும் எறியாதீர்கள். பெட்டகத்தில் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தரையிலிருந்து 4 அடிக்கு மேல் வையுங்கள். வெள்ளத்துக்கும் கறையானுக்கும் முதலில் அகப்படுவது கீழ்த்தட்டுத்தான். எல்லாவற்றையும் படம்பிடித்து இரண்டு பிள்ளைகளுக்கு அனுப்புங்கள்.

பித்தளை அண்டா, குத்துவிளக்கு, வெண்கலப் பானை இவற்றைப் பழைய இரும்புக்காரருக்கு நிறைக்கு விற்கவேண்டாம். முதலில் பிள்ளைகளிடம் கேளுங்கள், ஒரு மாதம் தவணை கொடுங்கள், பதில் வராதவற்றை ஊர்க் கோவிலின் அன்னதானக் குசினிக்குக் கொடுங்கள். பட்டுச்சேலையை வெயிலில் காயவிட்டு மடிப்பை மாற்றி வையுங்கள். மடித்த இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் இருந்தால் இழை வெடிக்கும். ஓடாத மோட்டார்சைக்கிளை விற்றால் “ஓப்பின் பேப்பரில்”, அதாவது வாங்குபவர் பெயர் எழுதாத படிவத்தில், கையொப்பம் வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். வாங்கியவர் பெயர் மாற்றாமல் விபத்தில் மாட்டினால் பொலிஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். உரிமை மாற்றப் படிவத்தை நீங்களே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குச் சமர்ப்பித்து, பற்றுச்சீட்டை மேலே சொன்ன உறையில் போடுங்கள். பழைய குளிர்சாதனப் பெட்டியைப் பாவிக்காமல் கொல்லையில் வைப்பதானால் கதவைக் கழற்றிவிட்டு வையுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒளித்து விளையாட அதற்குள்தான் போவார்கள்.